நாகதீபத்தின் சிறுபொருட்களைத் தேடிய போல் பீரிஸ்

போல் பீரிஸின் பெயரை எங்களில் பலர் முதலில் கேட்டது அரசியல் பேச்சுகளில்தான். இந்தியக் கரை இவ்வளவு கிட்ட இருக்கும்போது, விஜயன் வருவதற்கு வெகுகாலம் முன்னரே வட இலங்கையில் மனிதர் குடியேறியிருப்பர் என்ற அவரது வாதம் தமிழ் மேடைகளில் அடிக்கடி வரும். சொன்னவர் சிங்களவர் என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு. அந்த ஒரு வாதத்தோடு அவரை முடித்துவிடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

1874இல் பிறந்தவர். சென். தோமஸ் கல்லூரி, கேம்பிரிட்ஜ், பிறகு இலங்கைச் சிவில் சேவை. 1913, 1914இல் வெளிவந்த போர்த்துக்கேயர் காலம் பற்றிய இரு தொகுதிகளே அவரை வரலாற்றாசிரியராக நிலைநிறுத்தின. ஆனால் எங்களுக்குரிய பீரிஸ், கந்தரோடை மண்ணைக் கிளறிய பீரிஸ்தான்.

1917இலும் 1919இலும் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில், நாகதீபம் என்ற பெயரைத் தலைப்பிலேயே வைத்து யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்கள் பற்றி எழுதினார். துளையும் முத்திரையும் குத்திய பழைய வெள்ளிக்காசுகள், உரோம நாணயங்கள், மணிகள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் குச்சிகள். விற்றால் சில ரூபாய் தேறாத பொருட்கள். அவற்றை வகைபிரித்து விவரித்து அச்சில் ஏற்றினார். ஏதென்ஸ் அகோராவில் 1931இலிருந்து அகழ்பவர்கள் பளிங்குக் கல்வெட்டுத் துண்டு ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் இலக்கமும் இட்டுப் பதிகிறார்கள். அந்த ஒழுங்கும் ஆளணியும் கந்தரோடைக்கு அன்று வாய்க்கவில்லை. ஓர் அரச உத்தியோகத்தரின் ஆர்வம்தான் இருந்தது.

நாகதீபம் என்றால் நயினாதீவு மட்டுமா, முழுக் குடாநாடுமா? இந்தக் கேள்வி தீவகத்தாருக்கு வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. 1936இல் கிடைத்த வல்லிபுரப் பொற்சாசனத்தைப் படித்த பரணவிதான, அதில் நாகதீவ என்ற பெயரைக் கண்டார். வல்லிபுரம் இருப்பது வடமராட்சியில். பெயர் குடாநாட்டுக்கே உரியது என்ற கருத்து அதோடு வலுத்தது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டை 1963இல் கா. இந்திரபாலா பதிப்பித்தார். முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காப்பளிக்க வேண்டும். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி. ஒரு சிங்கள மன்னன் தமிழில் பொறிப்பித்த சட்டம்! இன்று இரு தரப்பிலும் உரிமை கொண்டாடுவோர் இதை ஆறுதலாக ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

1920இல் பீரிஸ் போர்த்துக்கேய ஆவணங்களிலிருந்து 1645ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பட்டினத்தின் நிர்வாக அமைப்பை நூலாக்கினார். காணி உறுதியைப் பையில் சுற்றிக்கொண்டு ஓடிய எங்களுக்குப் பழைய பதிவின் அருமை விளங்கும். 1990இல் தீவகம் இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுவந்தவற்றுக்கு எவரிடமும் பட்டியல் இல்லை. 1980இல் எடுத்த ஆனைக்கோட்டை முத்திரையை நான் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன். பீரிஸின் செப்புக் குச்சிகளையோ எழுத்தில் மட்டும்.

அவர் எழுதியவை எல்லாம் எங்களுக்குச் சாதகமானவை அல்ல. கந்தரோடையை அவர் பௌத்தத் தலமாகவே பார்த்தார். தமிழரும் பௌத்தராக இருந்திருக்கலாம் என்ற கோணத்தைப் பின்வந்தவர்களே விரித்தனர். அந்த விவாதம் இன்னும் தீரவில்லை.

1952இல் சேர் பட்டம் பெற்று, 1959இல் காலமானார். மகன் பி. ஈ. பி. தெரணியகல தேசிய அருங்காட்சியகத்தை நடத்தினார். பேரன் சிரான் தெரணியகல தொல்லியல் பணிப்பாளர் நாயகமானார். 1969இல் அநுராதபுரத்தில் அகழத் தொடங்கிய சிரான், அங்கு இரும்புக்காலக் குடியிருப்பு கி.மு. 900 அளவில் இருந்ததைக் காட்டினார். விஜயன் வந்ததாக மரபு சொல்லும் காலத்துக்கு அது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது.