மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை: நீதியும் தருமமும்



ஜூபிலி ஏற்பாடுகள் தொடங்கியபோது, நிதிக்குழுவுக்குத் தலைவராக யாரை வைப்பது என்ற பேச்சு எழுந்தது. நீதிபதியாகப் பணிபுரியும் நம் பங்கைச் சேர்ந்த ஒருவரின் பெயரை நானே சொன்னேன். ரசீதுப் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தால் நன்கொடை தானாக வந்து சேரும் என்பது என் எண்ணம். அவரோ பணிவுடன் மறுத்துவிட்டார். அன்று எனக்குச் சற்று மனத்தாங்கல்தான். பின்னர் வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கையை மறுபடியும் எண்ணிப் பார்த்தபோது, தவறு என்னுடையதே என்று உணர்ந்தேன். எனவே அப்பெருமகனாரின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகத் தருகிறேன்.

திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள குளத்தூரில், 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் சவரிமுத்துப் பிள்ளையின் மைந்தராக அவர் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் நன்கு கற்று, திருச்சி நீதிமன்றத்தில் பதிவேடுகளைக் காக்கும் அலுவலில் அமர்ந்தார். அதன்பின் மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி அவரைத் தேடி வந்தது. சீர்காழியிலும் பணியாற்றி, மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தார்.

முன்சீப் நீதிமன்றம் என்பது ஏழை எளியவர் நியாயம் தேடி ஏறும் முதற்படி. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை ஆகியவையே அங்கே வழக்குகள். நம் கொங்குச் சீமையில் கிணற்றுப் பங்குக்காகவும் வாய்க்கால் தண்ணீருக்காகவும் படியேறியவர்கள் எத்தனை பேர்! வழக்காடும் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். நீதிபதியின் வீட்டுக்கு யார் வருகிறார், என்ன கொண்டு வருகிறார் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

அத்தகைய ஆசனத்தில் அமர்ந்து கறைபடாமல் வாழ்ந்தவர் வேதநாயகம் பிள்ளை. 1859இல் அவர் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலி வாங்குவதைக் கடுமையாகக் கண்டித்துப் பாடினார். சட்டம் அறியாத மக்கள் ஏமாறக் கூடாதென்று, 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் தமிழில் தந்தார். நீதிமன்றங்களில் மக்களுக்குப் புரியாத ஆங்கிலத்திலேயே வாதாடுவதைத் தமது பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இடித்துரைத்தார். 1879இல் அச்சான அந்நூலே தமிழின் முதல் நாவல்.

அவர் பதவியிலிருந்து விலகிச் சில ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் கோயமுத்தூர், சேலம் பகுதிகளும் பெருந்துன்பம் அடைந்தன. நம் பாட்டன்மார் அதன் பெயரைச் சொல்லும்போதே நடுங்குவார்கள். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். சாதியோ சமயமோ பார்க்கவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைக் கண்டு உருகி, அவரைப் புகழ்ந்து பாடினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் கொடுத்தது தம் சொந்தப் பெட்டியிலிருந்து. ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நீதிபதி நற்காரியத்துக்கென்று பிறரிடம் கை நீட்டினால் என்ன ஆகும்? வழக்குள்ளவன் அஞ்சிக் கொடுப்பான். அல்லது ஆதாயம் கருதிக் கொடுப்பான். கொடுக்க இயலாத ஏழை, தன் வழக்கு தோற்றது என்று அப்போதே முடிவு கட்டிவிடுவான். நீதிபதி எள்ளளவும் கோணாதவராக இருக்கலாம். ஆயினும் அந்த ஏழையின் நம்பிக்கை போய்விடுகிறதே! கையூட்டு கண்ணுள்ளவனையும் குருடாக்கும் என்று எச்சரிக்கும் யாத்திராகமம், வழக்கில் ஏழைக்கென்றுகூட ஒருதலையாய்ச் சாயக் கூடாது என்கிறது. தருமத்துக்கு இடம் வேறு, தீர்ப்புக்கு இடம் வேறு.

1997இல் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்களுக்கென வகுத்துக்கொண்ட நடத்தை நெறிகளிலும் இது உண்டு. எந்த நோக்கத்துக்காகவும் நீதிபதி நிதி கேட்பதோ, பெறுவதோ, திரட்டுவதில் ஈடுபடுவதோ கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நம் பங்கு நீதிபதி மறுத்தது இறைப்பற்று இல்லாமையால் அன்று. தம் கடமையில் பற்று இருந்ததால்தான்.

தேவமாதா அந்தாதியும் பெரியநாயகி அம்மாள் பதிகமும் பாடி அன்னை மரியாளைப் போற்றிய வேதநாயகம் பிள்ளை, 1889 ஜூலை 21இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, இனி நம் ஆலயக் காரியங்களுக்குப் பதவியில் இருப்போரின் பெயரைக் காட்டி நன்கொடை கேட்பதில்லை என்று இந்த ஜூபிலி ஆண்டில் உறுதி கொள்வோம். அவர்களும் நம்மைப் போல் கொடுக்க விரும்பினால், ஆலய வாசலில் உண்டியல் இருக்கிறது. அதில் பெயர் எழுத வேண்டியதில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறிய வேண்டாம் என்று கற்பித்த ஆண்டவர் அதைக் காண்கிறார்.

ஆண்டவரின் ஆசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக!

பங்குத்தந்தை