கண் நோய்க்குக் கணக்கு வைத்த தஞ்சை மன்னர்

ராஜ்யம் போய்விட்டது. கோட்டையும் அரண்மனையும்தான் மிச்சம். அப்படிப்பட்ட மன்னர் என்ன செய்வார்? தஞ்சை சரபோஜி நோயாளிகளை அரண்மனைக்கு அழைத்தார்!

சரபோஜி 1777-ல் பிறந்தவர். துளஜா மன்னர் அவரைத் தத்து எடுத்தார். 1787-ல் துளஜா காலமானார்; அமர்சிங் சிம்மாசனம் ஏறிவிட்டார். பாலகன் பாடு திண்டாட்டமாயிற்று. சுவார்ட்ஸ் பாதிரியார்தான் அவரைக் காப்பாற்றிப் படிக்க வைத்தார். 1798-ல் பட்டம் கிடைத்தது. மறு வருஷமே காவேரி பாயும் நெல் வயல்கள் கம்பெனியார் ஆட்சிக்குப் போயின.

மன்னர் சோர்ந்துவிடவில்லை. தன்வந்திரி மகால் என்ற வைத்தியசாலையை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி, இங்கிலீஷ் வைத்தியம் நான்குக்கும் அங்கே இடம் உண்டு. சோதித்துத் தேறிய மருந்துகளைத் தமிழ்ப் பாட்டாக எழுதி வைக்கச் செய்தார்.

கண் வைத்தியத்தில் அவருக்குத் தனி ஆசை. புரை விழுந்த கண்களுக்கு ரண சிகிச்சை நடந்தது. வெள்ளைக்கார டாக்டரும் உடன் இருந்தார். சிகிச்சை முடிந்ததும் ஆளை அனுப்பிவிட்டு மறந்துவிடவில்லை. அதுதான் விசேஷம். நோயாளி வந்தபோது கண் எப்படி இருந்தது, என்ன செய்தார்கள், பிறகு பார்வை எப்படி என்று தாளில் எழுதினார்கள். நோயுற்ற கண்ணை வர்ணத்தில் படமாகவும் தீட்டினார்கள். போட்டோ பிடிக்கும் கலை பரவாத காலம் அல்லவா!

சரபோஜி 1832-ல் காலமானார். 40-க்கு மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகள் தஞ்சை சரஸ்வதி மகாலில் தங்கின. நம் காலத்துக் கண் டாக்டர்கள் அவற்றைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறார்கள்.