அபுல் வஃபாவும் மூன்று சதுரங்களும்

குராசான் நாட்டின் பூஸ்ஜான் என்னும் சிற்றூரில் கி.பி. 940ஆம் ஆண்டு ரமளான் முதற்பிறையன்று பிறந்தவர் அபுல் வஃபா முஹம்மது அல்-பூஸ்ஜானி. தந்தையுடன் பிறந்தாரும் தாய்மாமனுமே அவருக்குக் கணக்கின் முதலாசிரியர்கள். 959இல் பக்தாத் சென்றவர், புவைஹித் அரசர்களின் ஆதரவில் இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். எழுத்தர்களுக்கும் வணிகர்களுக்குமென ஒரு கணக்கு நூல் யாத்தார். கடனைக் குறை எண்ணாகக் கொண்டு பெருக்கும் முறை அதில் உண்டு. முக்கோணவியலில் அவர் கண்டவை பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டன. அவர் பெருமைக்கு அவையே போதும். எனினும் என் நெஞ்சைக் கவர்ந்தது கைவினைஞர்க்கென அவர் இயற்றிய வடிவியல் நூலே.

பக்தாதில் வடிவியல் அறிஞரும் கைவினைஞரும் ஒருங்கே கூடி உரையாடும் அவைகள் இருந்தன. அத்தகைய அவையொன்றில் அபுல் வஃபாவும் இருந்தார். அங்கு எழுந்த வினா, ஒத்த அளவுடைய மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எவ்வாறு என்பது. ஐந்து சதுரமாயின் இடரில்லை. இரண்டிரண்டாக ஒட்டிய இரு நீள்சதுரங்களை மூலைவிட்டத்தில் அறுத்து, எஞ்சிய ஒன்றை நடுவில் வைத்துச் சூழ அடுக்கினால் சதுரம் அமைந்துவிடும். பதின்மூன்றுக்கும் இதுவே வழி. மூன்றுதான் வழிக்கு வர மறுக்கிறது.

அறிஞர்கள் பெருஞ்சதுரத்தின் பக்க அளவைக் கோடு வரைந்து எளிதாகக் காட்டினர். ஓட்டை எங்கே வெட்டுவது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. கைவினைஞரோ வெட்டியே காட்டினர். பார்வைக்குச் சதுரமாகவே தோன்றியது. அபுல் வஃபா அதனை ஏற்கவில்லை. அவர்தம் முறையொன்றில் புதிய பக்கம், பழைய பக்கமும் அதன் மூலைவிட்டத்திற் பாதியும் சேர்ந்த அளவு, அஃதாவது 1.707. வேண்டுவதோ 1.732. ஓர் ஓட்டில் கண்ணுக்குத் தப்பும் இவ்வேறுபாடு, சுவர் முழுதும் பதிக்கையில் பெருகிவிடாதா? கண்ணை மட்டும் நம்பியோரையும் கையை மறந்தோரையும் ஒருங்கே அவர் குறைகூறியது நடுவுநிலைமை என்றே கொள்ளத்தகும்.

குறைகூறியதோடு அவர் நிற்கவில்லை. இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் அறுத்தால் முக்கோணங்கள் நான்காகும். மூன்றாம் சதுரத்தை நடுவில் வைத்து, அதன் ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைச் சேர்க்க வேண்டும். கூர்முனை சதுரத்தின் மூலையில் நிற்க, நான்கும் காற்றாடிபோல் ஒரே திசையில் சுழல வேண்டும். பின்னர்ச் செங்கோண முனைகளை நேர்க்கோடுகளால் இணைத்தால் பெருஞ்சதுரம் தோன்றும். கோட்டிற்கு வெளியே துருத்தும் நான்கு சிறுதுண்டுகளை அறுத்து, உள்ளே வெற்றிடமான நான்கிலும் வைத்தால் இம்மியும் பிசகாது பொருந்தும். துண்டுகள் மொத்தம் ஒன்பது. தாளும் கத்தரியும் கொண்டு மாணவர்கள் செய்து பார்க்கலாம், நிறுவலும் கடினமன்று.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 997ஆம் ஆண்டு மே 24இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் பக்தாதிலும், இருபத்துமூன்று வயதே நிரம்பிய அல்-பிரூனி குவாரிஸ்மின் காத் நகரிலும், முன்னரே பேசிவைத்துக்கொண்டு நோக்கினர். இரு நகரங்களின் நேர வேறுபாட்டிலிருந்து அவற்றின் தீர்க்க வேறுபாடு கணிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அபுல் வஃபா பக்தாதிலேயே மறைந்தார். நிலவின் பள்ளமொன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.