ரேடியோ ரிப்பேர்க் கடையிலிருந்து... லியோ ஃபெண்டர்

நம்ம சாத்தூர் பக்கம் ஊர்ப் பொங்கல் என்றால் ஒரு மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் முடிவதில்லை. கூட்டம் பாடகரைப் பார்க்கும், கீபோர்டைப் பார்க்கும், டிரம்ஸ் அடிப்பவரைப் பார்த்து ஆட்டம் போடும். ஓரமாக நாலு கம்பி கிட்டாரோடு நிற்கிற மனுஷனை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அவர் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டால் போதும், பாட்டுக்குக் கீழே இருந்த தரையை உருவிவிட்ட மாதிரி ஆகிவிடும். இளையராஜா பாடல்களை ஹெட்போனில் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த பேஸ் கிட்டாரை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவரும், அதற்கென்றே ஒரு ஆம்பிளிஃபயரைக் கட்டிக் கடைக்கு அனுப்பியவரும் ஒரே ஆள்தான். பெயர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, சுருதி சேர்க்கவும் தெரியாது. எலக்ட்ரானிக்ஸில் ஒரு கோர்ஸ் கூட அவர் படித்ததில்லை. படித்தது கணக்குப்பதிவியல்! டிப்ளமோ வாங்கியும் சால்டரிங் அயர்னைத் தொடப் பயப்படுகிற நம்மில் சிலருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

1909 ஆகஸ்ட் 10 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனாஹைம், ஃபுல்லர்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு ஆரஞ்சுத் தோட்டத்தில் பிறந்தார். நமக்குக் கரிசலும் மிளகாயும் எப்படியோ அப்படி அவர்களுக்கு ஆரஞ்சு. 8 வயதில் ஒரு கட்டி வந்து இடது கண் போனது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான். இந்தக் குறையே பின்னாளில் வேறு விதமாகக் கை கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அவரைப் பட்டாளத்துக்கு எடுக்கவில்லை. ஊரிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்.

14 வயதில், கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த மாமா ஒரு பெட்டி நிறையப் பழைய கார் ரேடியோ பாகங்களையும் ஒரு பேட்டரியையும் அனுப்பி வைத்தார். பிறகு மாமாவின் கடைக்கே போன லியோ, அங்கே அவர் சொந்தமாகக் கட்டியிருந்த ரேடியோவிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டார். அந்தச் சத்தம் அவரைக் கடைசி வரை விடவில்லை. ஊர்க்காரர்களின் ரேடியோக்களை வாங்கி வந்து வீட்டிலேயே பிரித்துப் போட்டுச் சரி பண்ண ஆரம்பித்தார்.

ஆனால் சோற்றுக்கு வழி வேண்டுமே! 1928-இல் பள்ளி முடித்து, ஜூனியர் காலேஜில் கணக்குப்பதிவியல் சேர்ந்தார். ஐஸ் கம்பெனியில் டெலிவரி வேலை, பிறகு அங்கேயே கணக்கு எழுதும் வேலை. நெடுஞ்சாலைத் துறையில் கொஞ்ச காலம் கணக்கர். பொருளாதார மந்தம் வந்து அந்த வேலை போனது. அடுத்து ஒரு டயர் கம்பெனி, அதுவும் ஆறே மாதம். இடையில் ஒரு இசைக்குழுத் தலைவர், நடன நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி செட் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார். லியோ ஆறு செட் கட்டிக் கொடுத்தார்.

கணக்கெழுதும் வேலை கையை விட்டுப் போகப் போக, 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஒரு கடை திறந்தார். ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ். ரேடியோ ரிப்பேர், ரெக்கார்டு விற்பனை, கூடவே மைக் செட் வாடகை. நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸ் கடையைக் கண் முன்னால் கொண்டு வாருங்கள், ஏறக்குறைய அதேதான்.

அவருடைய பாலிடெக்னிக் இந்தக் கடைதான் என்பேன். உடைந்து வருகிற ஒவ்வொரு செட்டும் ஒரு பாடம். எந்த இடத்தில் ஒயர் விடுகிறது, எந்த டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிப் புகைகிறது, எந்த ஸ்பீக்கரின் கோன் கிழிகிறது என்று பார்த்துக் கொண்டே இருந்தார். உள்ளூர் கிட்டார்க்காரர்களும் தங்கள் ஆம்பிகளைத் தூக்கிக் கொண்டு வருவார்கள். சுற்றியிருந்த கம்பெனிகள் எதை மோசமாகச் செய்கின்றன என்பது அவருக்கு மேசையில் உட்கார்ந்தபடியே தெரிந்து போச்சு. டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து போர்க்காலத்தில் சின்ன அளவில் கிட்டாரும் ஆம்பியும் செய்தார். கடன் ஏறுமோ என்று பயந்து நண்பர் 1946-இல் விலகிக்கொள்ள, லியோ தன் பெயரிலேயே கம்பெனியைத் தொடர்ந்தார். கட்டைக் கிட்டார் என்று சொல்லக்கூடிய டெலிகாஸ்டர் 1951-இல் அந்தப் பெயரைப் பெற்றது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இவை பற்றி எழுதினால் தனி மலரே போட வேண்டும், விட்டு விடுகிறேன்.

நமக்கு வேண்டியது பேஸ். அந்தக் காலத்துக் குழுக்களில் அடிச்சுருதி வாசிக்க ஆள் உயரத்துக்கு ஒரு டபுள் பேஸ் வேண்டும். அதைக் காரின் தலையில் கட்டித்தான் ஊர் ஊராகக் கொண்டு போக முடியும். அப்படிக் கொண்டு போனாலும் டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்த சத்தத்தில் அது கேட்காது. 1951-இல் லியோ வெளியிட்ட பிரிசிஷன் பேஸ், 34 அங்குலக் கம்பி நீளத்தில், தோளில் மாட்டிக் கொள்கிற மாதிரி இருந்தது. கழுத்தில் ஃபிரெட் இருந்ததால் விரல் வைக்கிற இடம் தப்பாது. 'பிரிசிஷன்' என்ற பெயரே அதற்காகத்தான். 1930-களிலேயே இது மாதிரி ஒன்றிரண்டு பேர் முயன்றிருக்கிறார்கள், ஆனால் நிலைத்தது இதுதான்.

இங்கேதான் சிக்கல் வந்தது. பேஸை இருக்கிற கிட்டார் ஆம்பியில் சொருகினால் ஸ்பீக்கர் தாங்கவில்லை. ஏன்? கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பி அதில் பாதி, சுமார் 41. ஒரே அளவு சத்தம் வரவேண்டுமானால், அதிர்வெண் பாதியானால் கோன் முன்னும் பின்னும் போகிற தூரம் நாலு மடங்காக வேண்டும். அவ்வளவு தூரம் ஓடினால் சாதாரண ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் காந்த இடைவெளியை விட்டே வெளியே வரப் பார்க்கும். கோன் கிழியும். இன்றைக்கும் கீபோர்டு ஸ்பீக்கரில் பேஸைப் போட்டு அலற விடுகிற நண்பர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

அதனால் 1952-இல் லியோ பேஸுக்கென்றே ஒரு ஆம்பி கொண்டு வந்தார். பெயர் பேஸ்மேன். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுமார் 26 வாட். வாட் என்றதும் சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது பெரிய விஷயம். மேலும் வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். கடையில் 50 வாட்டா 60 வாட்டா என்று மண்டையை உடைப்பதை விட, ஸ்பீக்கரும் பெட்டியும் எப்படி என்று பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

லியோ ஒரு மாடலைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. செய்ததை வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் குறை சொல்லக் கேட்டு, மறுபடி மாற்றுவார். 1955 வாக்கில் பேஸ்மேனில் ஒற்றை 15 அங்குலம் போய் 10 அங்குல ஸ்பீக்கர் நாலு வந்தது. 1950-களின் கடைசியில் வந்த 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட், இரண்டு பவர் வால்வில் சுமார் 40 வாட் கொடுத்தது. நாலு ஸ்பீக்கரும் 8 ஓம், எல்லாம் பேரலல், மொத்தம் 2 ஓம். கச்சேரி நடுவில் ஒரு ஸ்பீக்கரின் காயில் அறுந்து போனாலும் மற்ற மூன்றும் பாடிக்கொண்டே இருக்கும். சீரிஸில் போட்டிருந்தால் மொத்தமும் ஊமை!

உள்ளே திறந்து பார்த்தால் ரிப்பேர்க்காரனின் கை தெரியும். ஒரே பலகையில் ரெசிஸ்டரும் கண்டன்சரும் வரிசையாக, எது எங்கே என்று பார்த்தவுடன் விளங்குகிற மாதிரி. எந்தச் சாக்கெட்டில் எந்த வால்வு என்று பெட்டிக்குள்ளேயே ஒரு தாள் ஒட்டியிருக்கும். சர்க்யூட் படத்தையும் கூடவே கொடுத்தார்கள். தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கவில்லை. சொல்லப் போனால் அந்தச் சர்க்யூட்டுகளின் வேர் வால்வுக் கம்பெனிகள் வெளியிட்ட கையேடுகளில்தான் இருந்தது. எதை எடுப்பது, எதை மாற்றுவது, எதை எத்தனை வருஷம் உழைக்கிற மாதிரி கட்டுவது என்பதில்தான் லியோவின் மூளை இருந்தது.

படம் வெளியே இருந்ததால் என்ன ஆச்சு தெரியுமா? லண்டனில் டிரம்ஸ் கற்றுக்கொடுத்துக் கொண்டு இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவர் கூட்டாளிகளும் 1962-இல் 5எஃப்6-ஏ பேஸ்மேனை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஜே.டி.எம்.45 என்று ஒன்று கட்டினார்கள். முதல் வால்வாக அதிக கெயின் உள்ள ஒன்றைப் போட்டார்கள். திறந்த பெட்டியில் நாலு 10 அங்குலத்துக்குப் பதில், மூடிய பெட்டியில் நாலு 12 அங்குலம். சத்தமே வேறாகிப் போச்சு. ராக் இசையின் புகழ்பெற்ற மார்ஷல் சத்தத்தின் பாட்டனார் ஒரு பேஸ் ஆம்பிதான் என்பது பலருக்குத் தெரியாது. ஆம்பியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள நினைக்கிற யாருக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

(ஒரு எச்சரிக்கை. பழைய வால்வு செட் கிடைத்தது என்று நேராகக் கையை விட்டு விடாதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் சுழி பார்த்த பிறகுதான் தொட வேண்டும். லேபில் சொல்வது வைவாவுக்காக மட்டும் இல்லை.)

போட்டியும் இல்லாமல் இல்லை. ஆம்பெக் கம்பெனி 1960-இல் பி-15 என்று ஒன்று கொண்டு வந்தது. 15 அங்குல ஸ்பீக்கர், மெத்தென்ற சத்தம், ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் அதற்குத்தான் மவுசு. மோட்டவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்தது ஃபெண்டர் பிரிசிஷன், ஸ்டுடியோவுக்கு வெளியே அவர் வைத்திருந்த ஆம்பிகளில் ஒன்று இந்த பி-15. ஆக பேஸில் லியோ, ஆம்பியில் மற்றவர் என்று பலர் பிரித்துக் கொண்டார்கள். நியாயமாகச் சொன்னால், பேஸ்மேனைப் பேஸ் வாசித்தவர்களை விடக் கிட்டார் வாசித்தவர்கள்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1969-இல் ஆம்பெக் 300 வாட் எஸ்.வி.டி.யை இறக்கியபோது லியோவால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அப்போது கம்பெனி அவருடையதாக இல்லை.

அது எப்படி? பல ஆண்டுகளாக அவருக்குச் சைனஸில் தீராத நோய்த்தொற்று. இனி அதிக நாள் இல்லை என்றே நம்பிவிட்டார். 1965 ஜனவரியில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்குக் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். கம்பெனியோடு 'ஃபெண்டர்' என்ற பெயரும் போனது. கொஞ்ச காலம் கழித்து வேறொரு டாக்டரிடம் காட்டினார். நோய் குணமாகிவிட்டது! ஆள் பிழைத்தாயிற்று, பெயர் கையில் இல்லை. 10 ஆண்டுகளுக்குப் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு. 1966-இல் புதிய முதலாளிகள் அவசரமாக இறக்கிய டிரான்சிஸ்டர் ஆம்பிகள் அடிக்கடி பழுதாகிப் பெயரைக் கெடுத்தன. பழுது பார்த்தே வளர்ந்தவருக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்!

பால்பாயின்ட் வந்ததும் நம்ம சாத்தூர் நிப் பட்டறைகள் தேய்ந்த மாதிரி, டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிட்டார் ஆம்பியில் மட்டும் அது நடக்கவில்லை. அதிகமாக முடுக்கினால் வால்வு மெதுவாக மழுங்கும், அந்த மழுங்கலையே வாசிப்பவர்கள் விரும்பினார்கள். பேஸ்காரர்களோ எடை குறைவு, சத்தம் சுத்தம் என்று பெரும்பாலும் டிரான்சிஸ்டர் பக்கம் போனார்கள்.

லியோ இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பழைய சகாக்கள் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த மியூசிக் மேன் கம்பெனிக்கு முதலில் பின்னணியில் உதவி, ஒப்பந்தக் காலம் முடிந்த 1975-இல் அதன் தலைவரானார். அதன் ஆம்பிகளில் முன்பகுதி டிரான்சிஸ்டர், பவர் பகுதி வால்வு. 1976-இல் ஸ்டிங்ரே பேஸ். இதில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன பிரீஆம்ப்பைக் கிட்டாரின் உடம்புக்குள்ளேயே வைத்தார்கள். நீளமான ஒயரில் சிக்னல் தேய்வதும் குறைந்தது, பேஸ், டிரெபிளை மேடையில் நின்றபடியே கூட்டிக் குறைக்கவும் முடிந்தது. ஆம்பியின் ஒரு துண்டு வாசிப்பவர் கைக்கே வந்துவிட்டது. இன்றைக்கு 'ஆக்டிவ் பேஸ்' என்று கடையில் சொல்வது இந்த வழியில் வந்ததுதான்.

அங்கேயும் மனஸ்தாபம் வந்து, பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு 1980 வாக்கில் ஜி அண்டு எல் என்று தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்ற இரண்டு பெயர்களின் முதலெழுத்து. ஃபெண்டர் என்று கம்பெனிப் பெயர் வைக்க முடியாது. ஆனால் ஃபுல்லர்டனில் அந்தப் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஃபெண்டர் அவென்யூ!

1985-இல் பழைய ஃபெண்டர் கம்பெனியை அதன் ஊழியர்கள் சிலர் சேர்ந்து சி.பி.எஸ்.ஸிடமிருந்து வாங்கினார்கள். லியோ அங்கே திரும்பவில்லை. கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் ஜி அண்டு எல் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். காந்தம் சுற்றுவது, பிக்கப்பை மாற்றுவது, பாலத்தைத் திருத்துவது என்று ஏதாவது ஒன்று மேசையில் இருக்கும். 1991 மார்ச் 21 அன்று 81 வயதில் காலமானார். அவருடைய வேலை அறையை அவர் விட்டுப் போன நிலையிலேயே வைத்துப் பாதுகாத்தார்கள். அடுத்த ஆண்டு, 1992-இல், கிட்டார் வாசிக்கத் தெரியாத அந்த மனிதரின் பெயரை அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.