நிழலை நிறுத்திய டால்பட்

தான் கண்டு களித்த காட்சி கண்ணைவிட்டு அகன்ற பின்னும் நிலைத்திருத்தல் வேண்டுமென்று விழைவது மாந்தர்க்கு இயல்பு. கல்லிலும் செம்பிலும் உருவமைத்தார் பலர். ஓடும் நிழலைத் தாளில் நிறுத்தியதோடு அமையாது, நிறுத்திய அந்நிழல் மறையாதிருக்கும் வழியையும் நெடுங்காலம் நாடி உழைத்தவர் ஆங்கில அறிஞர் வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட் என்பார்.

இவர் 1800-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் டார்செட்டில் பிறந்தார். ஓராண்டு நிரம்புமுன்னரே தந்தையை இழந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியிற் கணிதம் பயின்று, 1831-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராயினார். வில்ட்ஷயரிலுள்ள லேக்காக் அபி என்னும் பழைய கன்னியர் மடமே இவர்தம் இல்லமாயிற்று.

1833 அக்டோபரில் இத்தாலி நாட்டுக் கோமோ ஏரிக்கரையில் இவர் காமிரா லூஸிடா என்னுங் கருவிகொண்டு இயற்கைக் காட்சியை வரைய முயன்றார், கை பணிந்திலது. ஒளியே தன்னுருவைத் தாளில் எழுதிவிடலாகாதோ என்னும் எண்ணம் அப்பொழுது இவருள்ளத்தில் எழுந்தது. இல்லந் திரும்பியபின், உப்பு நீரில் தோய்த்த தாளின்மீது வெள்ளி நைட்ரேட்டைப் பூசி வெயிலில் வைத்துச் சோதித்தார். 1835 ஆகஸ்டில் தம் மனையின் பலகணியை அவ்வாறு பதிவுசெய்தார். சிறிய அத்தாளே இன்றுள்ள எதிர்ப்படங்களில் மிகப் பழையது. ஓர் எதிர்ப்படத்தினின்று பல படிகள் எடுக்கலாம் என்பதே இவர் கண்ட நெறியின் உயிர்நிலை. பிரெஞ்சு நாட்டு டாகெர் தம் முறையை 1839 ஜனவரியில் வெளியிட, டால்பட்டும் அத்திங்களிலேயே தம் முறையை அறிஞரவையில் வைத்தார்.

பதிந்த படம் ஒளி பட்டு மேன்மேலுங் கருகாதவாறு ஹைப்போ என்னும் உப்பினாற் கழுவும் முறையை இவருக்கு உணர்த்தியவர் ஜான் ஹெர்ஷல் ஆவார். எனினும் அதுவே வேறோர் இடரையும் விளைத்தது. 1844 முதல் 1846 வரை டால்பட் ஒளிப்படங்கள் ஒட்டிய நூலொன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1846-இல் ஆர்ட் யூனியன் என்னும் இதழுக்கும் ஆயிரக்கணக்கான படிகள் அளிக்கப்பட்டன. அவற்றுட் பல, சின்னாளில் மஞ்சள் படர்ந்து மங்கின. செவ்வையாய்க் கழுவாது தாளில் தங்கிய ஹைப்போவும், ஈரமும், காற்றிற் கலந்த கந்தகமும் வெள்ளியைக் கெடுப்பனவென்று 1855-இல் லண்டனிற் கூடிய ஆராய்ச்சிக் குழுவொன்று தெளிந்தது.

தம் படங்கள் மங்கக் கண்ட டால்பட் சோர்ந்திலர். அச்சு மையின் கரி வெள்ளியைப்போல் மாறுவதன்று எனத் தேர்ந்து, ஒளியினால் இறுகும் ஜெலட்டினைத் தகட்டிற் பூசி, அதனைச் செதுக்கி மையினால் அச்சிடும் முறைகளை 1852-இலும் 1858-இலும் காப்புரிமை செய்தார். 1877 செப்டம்பர் 17-இல் லேக்காக்கில் உயிர்நீத்தார்.

இன்று படங்கள் எண்களாய் மாறிக் கணினியில் உறைகின்றன. டால்பட்டின் மங்கும் தாள்களையும் எண்முறையிற் பதிந்து, ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகம் 2017 முதல் உலகோர் காண வைத்துள்ளது. ஒளிபடுந்தோறும் நலியும் மூலத்தை இருளிற் காத்து, அதன் படியை எவரும் காணச் செய்தல் எண்முறையின் பேருதவியேயாம். எத்துணைப் படி எடுப்பினும் ஒன்றினொன்று குறையாது. ஆயினும் அதனைப் படிக்கும் கருவியும் முறையும் மாறிக்கொண்டே வருதலின், காலந்தோறும் புதிதாய்ப் பெயர்த்து வைத்தல் வேண்டும். தவறின் ஒருங்கே மறையும். நன்கு கழுவி உலர்ந்த குளிரிடத்தில் வைத்த வெள்ளிப் பிலிமோ, மங்கினும் மெல்ல மங்கும். ஒளியின் எதிரே பிடித்த மாத்திரத்தில் கண்ணுக்குப் புலனாகும். ஆதலின் ஒன்றை நம்பி மற்றதைக் கைவிடுதல் அறிவுடைமை அன்று.

மாணவர்காள்! நம் இல்லங்களிலும் கல்லூரியிலும் உள்ள பழம் படங்களை ஈரமும் வெயிலும் அணுகாது காமின்; எண்முறைப் படிகளையும் எடுத்து வெவ்வேறிடங்களில் வைமின்; படத்திலுள்ளார் பெயரையும் ஆண்டையும் எழுதிவைக்க மறவன்மின். நம் பின்னோர் நம் முன்னோரின் முகமறிதல் நம் கையில் உள்ளது.