எண்ணி முடியாததை எண்ணியவர்

கம்ப்யூட்டர் லேபில் டேட்டாபேஸில் ஒரு விவரம் தேடச் சொன்னால் சில நேரம் அது யோசிச்சுக்கிட்டே இருக்கும். அப்போதெல்லாம் நான் ஹெர்மன் ஹாலரித்தை நினைச்சுக்குவேன்.

இவர் 1860 பிப்ரவரி 29-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தார். (நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்!) பள்ளியில் ஸ்பெல்லிங் வரவே வராதாம், என்னை மாதிரி.

1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தார். எல்லாம் கைக்கணக்கு. முடிக்க ஏழெட்டு வருஷம் ஆச்சு. ஜனத்தொகையோ ஏறிக்கிட்டே போகுது. 1890 கணக்கு முடியறதுக்குள்ள 1900 வந்துடுமோ என்று கவலை.

ஹாலரித் முதலில் நீளமான காகித நாடாவில் ஓட்டை போட்டுப் பார்த்தார். ஆனால் சீனர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், அந்தக் கொஞ்சம் பேருக்காக மைல் கணக்கில் நாடா முழுவதையும் ஓட்டணும்! டேட்டாபேஸ் இழுத்தடிப்பதும் பல சமயம் இதனால்தான். ரயிலில் கண்டக்டர், பயணியின் முடி நிறம், மூக்கு அடையாளத்தையெல்லாம் டிக்கெட்டில் ஓட்டையாகக் குத்துவதை அவர் பார்த்திருந்தார். அதே மாதிரி ஆளுக்கு ஒரு அட்டை வைத்தார். ஓட்டை வழியாக ஊசி இறங்கி பாதரசத்தைத் தொட்டால் மின்சாரம் பாயும், முள் ஒரு எண் நகரும். அட்டைகளைப் பிரிச்சு அடுக்கிட்டா, அடுத்த கேள்விக்கு வேண்டிய கட்டை மட்டும் எண்ணினால் போதும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

1890-ல் மொத்தத் தொகை சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது: 6 கோடியே 26 லட்சம். மற்ற விவரங்களுக்குச் சில வருஷம் பிடித்தது. 1896-ல் அவர் தொடங்கிய கம்பெனி 1911-ல் வேறு கம்பெனிகளோடு சேர்ந்தது. 1924-ல் அதற்கு ஐ.பி.எம். என்று பெயர் வைத்தார்கள். ஹாலரித் 1929-ல் காலமானார்.