கிளேசன் பிரவுன்

கிளேசன் லீராய் பிரவுன் (1872 - 1935) அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த தொழில் முனைவர் ஆவார். பின்னாளில் ஸ்பிரின்ட் என்று உலகெங்கும் அறியப்பட்ட நிறுவனத்தின் தொடக்கம், இவர் அபிலீன் என்னும் சிற்றூரில் 1899 இல் நிறுவிய பிரவுன் தொலைபேசி நிறுவனமே ஆகும்.

வாழ்க்கை

பிரவுனின் தந்தை அபிலீனுக்கு அருகே மாவு ஆலை ஒன்றை நடத்தி வந்தார். சிறுவனாயிருந்தபோது ஆலை இயந்திரத்தில் சிக்கிப் பிரவுன் தமது வலக்கையை இழந்தார். உடலுழைப்பையே நம்பியிருந்த ஊரில் இது பேரிழப்பு. படிப்பின் பக்கம் திரும்பிய இவர் சில காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் 1893, 1894 ஆம் ஆண்டுகளில் காலாவதியானதும், பெல் நிறுவனம் எட்டிப் பார்க்காத ஊர்களிலெல்லாம் சுயேச்சை நிறுவனங்கள் தோன்றின. அபிலீனிலோ பெல் சார்பு நிறுவனம் ஏற்கனவே இருந்தது. பிரவுன் அதனுடன் நேரடியாகப் போட்டியிட்டார். ஒரே ஊரில் இரு நிறுவனங்கள் இருந்தால் ஒன்றின் சந்தாதாரர் மற்றொன்றின் சந்தாதாரருடன் பேச இயலாது என்பதே அக்காலத்து வழக்கமான நிலை. வணிகர் பலர் இரண்டு தொலைபேசிகளை வைத்துக்கொண்டனர்.

1911 இல் வேறு சில கேன்சஸ் நிறுவனங்களுடன் இணைந்து இவர் யுனைடெட் தொலைபேசி நிறுவனத்தை உருவாக்கினார். பிரவுன் என்ற பெயர் மறைந்தது அப்போதுதான். மின்சாரம், காப்பீடு, தங்கும் விடுதி எனத் தொழில்கள் பெருகின. 1926 இல் பெற்றோர் நினைவாக அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, முதியோர் இல்லத்தையும் பூங்காவையும் அமைத்தார்.

பெருமந்தம் இவற்றைக் குலைத்தது. கடன்பட்டு விரிவாக்கப்பட்ட குழுமம் 1934 இல் திவாலானது. அடுத்த ஆண்டே பிரவுன் காலமானார். நிறுவனம் மீண்டெழுந்ததை அவர் காணவில்லை.

பெயர் மாற்றங்கள்

1938 இல் யுனைடெட் யுடிலிட்டீஸ் என மறுசீரமைக்கப்பட்ட நிறுவனம், 1972 இல் யுனைடெட் டெலிகம்யூனிகேஷன்ஸ் ஆனது. ஸ்பிரின்ட் என்ற பெயர் பிரவுனின் ஊரில் பிறந்ததன்று. அது சதர்ன் பசிபிக் தொடருந்து நிறுவனத்தின் தொலைதொடர்புப் பிரிவிலிருந்து வந்தது. ஜிடிஇ நிறுவனத்துடன் 1986 இல் ஏற்பட்ட கூட்டு முயற்சியின் வழியாகக் கிடைத்தது. 1992 இல் தாய் நிறுவனமே அப்பெயரை ஏற்றுக்கொண்டது. 2005 முதல் ஸ்பிரின்ட் நெக்ஸ்டெல் என்றும், 2013 இல் மீண்டும் ஸ்பிரின்ட் என்றும் வழங்கிய அது, 2020 ஏப்ரலில் டி-மொபைலுடன் இணைந்தது.

பிரவுன் தொடங்கிய உள்ளூர் கம்பிவழிச் சேவையோ அதற்கு முன்பே தனி வழி சென்றுவிட்டது. 2006 இல் எம்பார்க் என்ற பெயரில் பிரிக்கப்பட்டு, 2009 இல் செஞ்சுரிடெல் நிறுவனத்தால் வாங்கப்பட்டுச் செஞ்சுரிலிங்க் எனப் பெயர் பெற்றது.

சுயேச்சைத் தொலைபேசி நிறுவனங்களின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் ஒன்று அபிலீனில் அமைக்கப்பட்டுள்ளது.